சிம் உள்ள டேப்லெட் சும்மா கிடக்கும்போதே சார்ஜ் இறங்குகிறது: நெட்வொர்க் அமைப்பில் எதை மாற்றலாம்?

#1 கொல்லிச்சாரல்

அனைவருக்கும் வணக்கம். கொல்லிமலையில் மிளகு, காப்பித் தோட்டங்களைப் பற்றிய ஒரு கணக்கெடுப்புக்காக எங்கள் குழுவில் ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு 13, பதினோரு அங்குலத் திரை, 7,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி, ஒரு சிம். மலைமேட்டில் உள்ள செம்மேடு ஊரில் இருக்கும்வரை எந்தக் குறையும் தெரிவதில்லை. பள்ளத்தில் இருக்கும் ஊர்களுக்கு இறங்கிப் போய் இரவு தங்க நேர்ந்தால், திரையை அணைத்துப் பைக்குள் வைத்த டேப்லெட்டில் விடிவதற்குள் ஐந்தில் ஒரு பங்கு சார்ஜ் இறங்கிவிடுகிறது. அதே தயாரிப்பில் சிம் இல்லாத வைஃபை வகையை வைத்திருக்கும் சக ஊழியருக்கு இரண்டு, மூன்று விழுக்காட்டுக்கு மேல் குறைவதில்லை. பேட்டரிப் பயன்பாட்டுப் பட்டியலைத் திறந்தால் திரைக்கும் மேலே ‘மொபைல் நெட்வொர்க்’ என்ற வரிதான் நிற்கிறது.

கேட்டவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். 3ஜிக்கு மாற்று என்கிறார் ஒருவர்; 2ஜியே போதும் என்கிறார் இன்னொருவர்; 5ஜியை அணைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மூன்றாமவர். மொபைல் டேட்டாவை அணைத்தும் பார்த்தேன். பெரிய மாற்றம் இல்லை. நாங்கள் தங்கும் இடங்களில் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதால், இது எங்களுக்கு வேலையையே பாதிக்கிற சிக்கல். உண்மையில் எந்த அமைப்பு எதைச் செய்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

#2 பேனாக்கத்தி

திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். கருநிறப் பின்னணிக்கு மாற்றுங்கள். பேட்டரி சேமிப்பானை எப்போதும் இயக்கத்திலேயே வையுங்கள். டேப்லெட்டில் சார்ஜைத் தின்பது பெரும்பாலும் திரைதான்.

#3 கொல்லிச்சாரல்

பயன்படுத்தும் நேரத்தில் நீங்கள் சொல்வது சரிதான், ஐயா. ஆனால் எங்கள் சிக்கல் திரை அணைந்திருக்கும்போது நடப்பது.

#4 அலைக்கற்றை

நான் பல ஆண்டுகள் செல்பேசிக் கோபுரங்களின் அலைவரிசைத் திட்டமிடலில் வேலை பார்த்தவன். உங்கள் கேள்விக்கான விடை ‘எந்த ஜி’ என்பதில் இல்லை. டேப்லெட்டுக்குள் இருந்து கோபுரத்தோடு பேசும் பகுதியான மோடம் ஓர் இரவில் எவ்வளவு நேரம் விழித்திருக்கிறது, விழித்திருக்கும்போது எவ்வளவு பலமாக ஒலிபரப்புகிறது என்பதில்தான் இருக்கிறது. முதலில் கணக்கைப் பாருங்கள். 7,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் ஒரு விழுக்காடு என்பது 70. பத்து மணி நேரத்தில் இருபது விழுக்காடு இறங்கினால், சராசரியாக 140 மில்லிஆம்பியர் மின்னோட்டம் இடைவிடாமல் ஓடியிருக்கிறது. நல்ல சிக்னலில் தூங்கும் ஒரு டேப்லெட்டுக்கு அதில் சிறு பங்குதான் தேவை. ஆகவே உங்கள் மோடம் இரவு முழுவதும் தூங்கவே இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் மோடம் பெரும்பாலான நேரம் உறங்கிக்கொண்டுதான் இருக்கும். 4ஜியில் பொதுவாக 1.28 நொடிக்கு ஒருமுறை கண நேரம் மட்டும் விழித்து, தனக்கு ஏதாவது அழைப்போ செய்தியோ வந்திருக்கிறதா என்று கோபுரம் அனுப்பும் அறிவிப்பைக் கேட்டுவிட்டு மீண்டும் உறங்கிவிடும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. சிக்னல் விளிம்பில் இருக்கும் இடத்தில் நிலைமை வேறு. கோபுரம் கைவிட்டுப் போனவுடன் மோடம் தனக்குத் தெரிந்த அலைவரிசைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் துழாவத் தொடங்கும். 4ஜி கிடைக்காவிட்டால் 3ஜி, அதுவும் இல்லாவிட்டால் 2ஜி, 5ஜி டேப்லெட் என்றால் அதுவும் சேர்த்து. சிக்னல் அறவே இல்லாத இடத்தில் ஒவ்வொரு தேடலுக்கும் இடையில் விடும் இடைவெளியை மோடம் படிப்படியாக நீட்டிக்கொண்டே போகும். உங்கள் பள்ளத்தாக்கில் இருப்பதோ அதைவிட மோசமான நிலை. ஒரு கோடு தலைகாட்டும், பதிவு செய்துகொள்ளும், மறுபடி மறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் தேடல் முதலிலிருந்து தொடங்கும். சிக்னலே இல்லாத ஊரைவிட அரைகுறையாகச் சிக்னல் கிடைக்கும் ஊரில்தான் சார்ஜ் அதிகம் இறங்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

இரண்டாவது, ஒலிபரப்பும் பலம். தொலைவில் நிற்பவரோடு பேச நாம் குரலை உயர்த்துவதைப் போலவே, கோபுரம் தொலைவாகவோ மறைவாகவோ இருந்தால் கருவியும் தன் பலத்தைக் கூட்டும். சாதாரண 4ஜி கருவியின் உச்சவரம்பு 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட். இது டெசிபல் கணக்கு என்பதால் ஒவ்வொரு பத்துக்கும் பத்து மடங்கு பலம் வேறுபடும். அந்த 200 மில்லிவாட்டை ஆன்டெனாவுக்குக் கொடுக்க, சிக்னலின் பலத்தைக் கூட்டும் பெருக்கி என்ற பாகம் பேட்டரியிலிருந்து எடுப்பது அதைப் போலப் பல மடங்கு. மீதி வெப்பமாகப் போய்விடும். சிக்னல் குறைந்த இடத்தில் டேப்லெட்டின் ஒரு மூலை வெதுவெதுப்பாக இருப்பதை நீங்களே தொட்டுப் பார்த்திருப்பீர்கள்.

மூன்றாவதாக, எல்லா ஊர்களுக்கும் பொருந்தும் ஒன்று உண்டு. ஒரு செயலி நூறு எழுத்து அளவுள்ள சிறு தகவலை அனுப்பினாலும், அதற்காக விழித்த மோடம் உடனே தூங்காது. அடுத்த தகவல் வரக்கூடும் என்று பொதுவாகப் பத்து நொடி அளவுக்கு இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். அந்த நேரத்தைத் தீர்மானிப்பது உங்கள் கருவி அல்ல, நெட்வொர்க். எனவே ஒரே மூச்சில் பத்து மெகாபைட் இறக்குவதைவிட, நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கிலோபைட் அனுப்பும் பத்துச் செயலிகள் அதிகச் சார்ஜைக் குடிக்கும்.

இனி 3ஜி, 2ஜி யோசனைக்கு வருகிறேன். அது 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நல்ல அறிவுரையாக இருந்தது. அன்று 3ஜி கோபுரங்கள் குறைவு, 2ஜி எங்கும் உண்டு. அதனால் 2ஜியில் பூட்டினால் தேடல் குறைந்தது. இன்று இந்தியாவில் அந்த அறிவுரை காலாவதியாகிவிட்டது. 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோவுக்கு 2ஜியும் 3ஜியும் எப்போதுமே இருந்ததில்லை. அந்த சிம்மை 3ஜியில் பூட்டினால் சேவையே இல்லாமல் கருவி இரவெல்லாம் தேடிக்கொண்டிருக்கும். ஏர்டெல் 2019, 2020 காலத்தில் தன் 3ஜியை மூடி, அந்த அலைவரிசைகளை 4ஜிக்குத் திருப்பிவிட்டது. 2ஜி சில நிறுவனங்களிடம் இன்னும் இருக்கிறது. ஆனால் எட்ஜ் என்ற 2ஜி டேட்டா இணைப்பில் ஏட்டளவில் கிடைக்கும் உச்ச வேகமே நொடிக்கு 236 கிலோபிட்தான். இன்றைய செயலிகளின் பின்னணிப் பரிமாற்றம் அதில் முடியவே முடியாமல் இழுத்துக்கொண்டு கிடக்கும், மோடமும் கூடவே விழித்துக் கிடக்கும். பாதுகாப்பிலும் குறை உண்டு. 2ஜியில் கோபுரம் உண்மையானதுதானா என்று கருவி சரிபார்ப்பதில்லை. ஆண்ட்ராய்டு 12 முதல் 2ஜியை அடியோடு அணைக்கும் வசதி கொடுக்கப்பட்டதற்குக் காரணம் அதுதான்.

உங்களுக்கு என் யோசனை எளியது: பள்ளத்தில் இறங்கும்போது விமானப் பயன்முறையைப் போடுங்கள். மொபைல் டேட்டாவை மட்டும் அணைத்தால் போதாது. டேட்டாவை அணைத்தாலும் அழைப்புக்காகவும் குறுஞ்செய்திக்காகவும் மோடம் நெட்வொர்க்கில் பதிந்தே இருக்கும், கோபுரத்தைத் தேடிக்கொண்டும் இருக்கும். நீங்கள் சோதித்தபோது மாற்றம் தெரியாததற்கு அதுவே காரணம்.

#5 வேகவிரும்பி

அலைக்கற்றை ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் 5ஜியை அணைக்கச் சொல்லும் கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேகமான இணைப்பில் வேலை சீக்கிரம் முடிகிறது, மோடம் சீக்கிரம் தூங்குகிறது. அப்படியானால் 5ஜியை அணைப்பது சார்ஜை வீணாக்குவதாகத்தானே ஆகும்? எந்த மன்றத்துக்குப் போனாலும் ‘5ஜியை அணை’ என்பதை மந்திரம்போல் சொல்கிறார்கள்.

#6 அலைக்கற்றை

சீக்கிரம் முடித்துச் சீக்கிரம் தூங்குவது என்ற தர்க்கம் பெரிய கோப்புகளுக்கு உண்மை. ஆனால் 5ஜி இரண்டு வகையாக இயங்குகிறது என்பதைப் பிரித்துப் பார்க்காமல் பொதுவாகப் பேச முடியாது.

2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது ஏர்டெல் தேர்ந்தெடுத்தது 4ஜியின் முதுகில் ஏறி நிற்கும் வகை. ஜியோ தேர்ந்தெடுத்தது தனித்து நிற்கும் வகை. முதல் வகையில் தகவல் ஓடும்போது கருவி 4ஜி, 5ஜி ஆகிய இரண்டு இணைப்புகளையும் ஒருசேரப் பிடித்திருக்க வேண்டும். அப்போது செலவு கூடுவது உண்மைதான். ஆனால் டேப்லெட் சும்மா இருக்கும்போது அது 4ஜியில் மட்டும்தான் தங்குகிறது; மேலே 5ஜி என்று குறி தெரிந்தாலும் உள்ளே நிலை அதுதான். எனவே அந்த வகை நெட்வொர்க்கில் இரவு நேரத்துக்காக 5ஜியை அணைப்பதால் கிடைக்கும் மிச்சம் மிகச் சொற்பம்.

தனித்து நிற்கும் வகையில் சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. 5ஜிக்குப் பயன்படும் 3.3 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது. வீட்டின் நடு அறையில் இருக்கும் டேப்லெட் 5ஜிக்கும் 4ஜிக்கும் இடையே மாறி மாறித் தாவினால், ஒவ்வொரு தாவலுக்கும் அளவீடும் சில சமயம் புதிய பதிவும் தேவைப்படும். ஜியோவிடம் சுவரை எளிதில் தாண்டும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் இருப்பதால் பல வீடுகளில் இந்தத் தாவல் நடப்பதில்லை. நடக்கும் வீட்டில் 4ஜியில் பூட்டுவது கண்கூடாகப் பலன் தரும். ஆகவே சிக்னல் நிலையாக இருந்தால் 5ஜியை விட்டுவிடுங்கள்; குறி மாறி மாறித் தெரிந்தால் 4ஜிக்கு இறக்குங்கள். திரையில் இருக்கும் குறியை ஐந்து நிமிடம் பார்த்தாலே தெரிந்துவிடும்.

#7 தூரிகைவால்

ஐபேட் வைத்திருப்பவர்களுக்காக ஒரு சேர்க்கை. ஆப்பிள் நிறுவனம் தன் விவரக்குறிப்பிலேயே வைஃபையில் இணையம் பார்த்தால் 10 மணி நேரம் வரை, மொபைல் நெட்வொர்க்கில் பார்த்தால் 9 மணி நேரம் வரை என்று தனித்தனியாகக் குறிப்பிடுகிறது. அது நல்ல சிக்னலில் எடுத்த கணக்காகத்தான் இருக்கும்; மோசமான சிக்னலில் இந்த இடைவெளி இன்னும் அகலும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

5ஜி உள்ள ஐபேட்களில் மொபைல் டேட்டா அமைப்புக்குள் ‘குரல் மற்றும் டேட்டா’ என்ற இடத்தில் மூன்று தேர்வுகள் இருக்கும். ‘5ஜி ஆட்டோ’ என்பதை வைத்தால், 5ஜியால் பயனருக்குத் தெரியும்படியான வேக ஆதாயம் இல்லாதபோது கருவி தானே எல்டிஇக்கு, அதாவது 4ஜிக்கு, இறங்கிவிடும். ‘5ஜி ஆன்’ என்பதைத் தெரியாமல் தொட்டுவிட்டு, ஐபேட் முன்போல நிற்கவில்லை என்று வருந்துபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆட்டோவே போதும் என்பது என் கருத்து.

அதைவிட எனக்குப் பயன்பட்டது ‘பின்னணிச் செயலிப் புதுப்பிப்பு’ என்ற அமைப்பு. அதில் ‘வைஃபை’ என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தால், வெளியில் மொபைல் டேட்டாவில் இருக்கும்போது செயலிகள் பின்னணியில் புதுப்பித்துக்கொள்ளாது. மின்னஞ்சலைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து வரும்படி வைத்திருந்தால், மணிக்கு ஒருமுறை என்றோ, நாம் திறக்கும்போது மட்டும் என்றோ மாற்றிவிடலாம். மேலே சொல்லப்பட்ட பத்து நொடிக் கணக்கைப் படித்த பிறகுதான் இது ஏன் இவ்வளவு பலன் தந்தது என்று புரிகிறது.

#8 மேல்படுக்கை

நான் வேலை நிமித்தம் வாராவாரம் இரவு ரயிலில் போய் வருபவன். ஓடும் ரயிலில் கருவி கோபுரம் மாற்றிக்கொண்டே போகிறது. ஊர்களைத் தாண்டி வயல்வெளிக்குள் நுழைந்தால் சிக்னல் இல்லை. அடுத்த நிலையம் நெருங்கும்போது திரும்ப வருகிறது. போதாக்குறைக்கு நாம் இருப்பது ஒரு இரும்புப் பெட்டி. குளிர்சாதனப் பெட்டி என்றால் சன்னல் கண்ணாடியும் அலையை மட்டுப்படுத்துகிறது. படுக்கும்போது விமானப் பயன்முறை போட்டுவிட்டால் காலையில் படித்தபடியே இறங்கலாம். செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலைப்பாதையில் பகலிலேயே அதைத்தான் செய்கிறேன், சுரங்கத்துக்குச் சுரங்கம் தேடுவதில் பயன் ஒன்றும் இல்லை.

படிக்க வேண்டியதையும் பார்க்க வேண்டியதையும் நிலையத்திலேயே இறக்கி வைத்துக்கொள்வது என் வழக்கம். ஓடும் ரயிலில் காணொளி பார்ப்பதைவிடச் சார்ஜை வேகமாக இறக்கும் செயல் வேறு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

#9 கொல்லிச்சாரல்

அலைக்கற்றை ஐயா, விமானப் பயன்முறை போட்டு ஓர் இரவு வைத்துப் பார்த்தோம். வைஃபை வகை டேப்லெட்டுக்கும் எங்களுடையதற்கும் காலையில் வேறுபாடே இல்லை. மிக்க நன்றி. பகல் நேரத்துக்குத்தான் வழி தெரியவில்லை. தோட்டம் தோட்டமாகப் போய் ஜிபிஎஸ் வழியே இடத்தைக் குறிக்க வேண்டும், படிவத்தை நிரப்ப வேண்டும், மாலையில் அனுப்ப வேண்டும். விமானப் பயன்முறையில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று எங்கள் மேற்பார்வையாளர் உறுதியாகச் சொல்கிறார். சிம் நிலைப் பக்கத்தில் நாங்கள் பார்த்த சிக்னல் அளவு பள்ளத்தில் -117, மேட்டில் -92.

#10 அலைக்கற்றை

4ஜியில் -90ஐ ஒட்டி இருந்தால் கவலை இல்லை. -110ஐத் தாண்டினால் பலவீனம். -120ஐ நெருங்கினால் பெயரளவுக்குத்தான் இணைப்பு. உங்கள் இரண்டு இடங்களுக்கும் இடையே 25 டெசிபல் வேறுபாடு இருக்கிறது. வந்து சேரும் பலத்தில் அது முந்நூறு மடங்குக்கும் மேல். சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தோ, டேப்லெட்டைத் திருப்பிப் பிடித்தோ சரிசெய்யும் அளவு அல்ல இது. அங்கே இருந்து எதையும் அனுப்ப முயலாமல், மேட்டுக்கு வந்து அனுப்புவதே முறை.

ஜிபிஎஸ் பற்றி உங்கள் மேற்பார்வையாளர் சொல்வது பழைய கருவிகளின் நினைவாக இருக்கலாம். ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோளின் குரலைக் கேட்பது மட்டுமே, கருவி எதையும் திருப்பி அனுப்புவதில்லை. இன்றைய ஆண்ட்ராய்டு, ஐபேட் இரண்டிலும் விமானப் பயன்முறை அதை அணைப்பதில்லை. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. இணையம் இருந்தால் செயற்கைக்கோள்களின் பாதை விவரத்தைக் கருவி நெட்வொர்க்கிலிருந்து உடனே பெற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் அதைச் செயற்கைக்கோளிடமிருந்தே கேட்டறிய வேண்டும். அது நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில் வருவது. ஒரு செயற்கைக்கோளின் விவரம் ஒருமுறை முழுமையாக வந்துசேரவே முப்பது நொடி பிடிக்கும். எனவே காலையில் செம்மேட்டிலேயே இருப்பிடத்தை ஒருமுறை திறந்து, புள்ளி நிலைபெற்ற பிறகு விமானப் பயன்முறைக்கு மாறுங்கள். அடுத்த சில மணி நேரத்துக்கு அந்த விவரம் பயன்படும். புதிய தோட்டத்தில் திறந்தவெளியில் ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்தால் புள்ளி கிடைத்துவிடும்; அடர்ந்த மரநிழலில் எந்தப் பயன்முறையிலும் சற்றுத் தாமதமாகும்.

#11 படிவப்பிரியை

கணக்கெடுப்பு வேலை என்பதால் குறுக்கிடுகிறேன். நீங்கள் ஓடிகே கலெக்ட் போன்ற செயலியைப் பயன்படுத்தினால், நிரப்பிய படிவத்தைத் தானாக அனுப்பும் அமைப்பை ‘வைஃபை மட்டும்’ என்று வைக்கலாம், அல்லது அடியோடு அணைத்துவிட்டு மாலையில் நீங்களே அனுப்பலாம். தானாக அனுப்புதல் மொபைல் டேட்டாவுக்கும் சேர்த்து இயங்கினால், தோட்டத்தில் ஒவ்வொரு படிவம் முடிந்ததும் செயலி அனுப்ப முயன்று, பாதியில் அறுந்து, மறுபடி முயன்றுகொண்டிருக்கும். படம் சேர்த்த படிவங்கள் என்றால் இன்னும் மோசம். எங்கள் குழுவில் படங்களின் அளவை முன்கூட்டியே குறைக்கும்படி படிவத்திலேயே எழுதி வைத்துவிட்டோம்; மாலையில் அனுப்பும் நேரமும் சார்ஜும் சேர்ந்தே மிச்சமாயின.

#12 வடபழனிவாசி

என் நிலைமை நேர்மாறானது. மலையும் இல்லை, ரயிலும் இல்லை. அம்மாவின் டேப்லெட் வீட்டு வைஃபையிலேயே நாள் முழுக்க இருக்கிறது, சிம்மும் உள்ளே இருக்கிறது. அடுக்ககத்தின் தரைத்தளம் என்பதால் சிக்னல் ஒரு கோடுதான். வைஃபையில் இருக்கும்போது சிம் பக்கம் எந்தச் செலவும் இருக்காது என்று நினைத்திருந்தேன். இந்த இழையைப் படித்த பிறகு சந்தேகம் வந்துவிட்டது. சிம்மைக் கழற்றிவிடவும் முடியாது, வைஃபை நின்றுபோகும் நாள்களில் அம்மாவுக்கு அதுதான் துணை.

#13 அலைக்கற்றை

சந்தேகம் நியாயமானது. வைஃபையில் தகவல் ஓடிக்கொண்டிருந்தாலும் மோடம் தன் பாட்டுக்கு நெட்வொர்க்கில் பதிந்துதான் இருக்கும். அதற்கு மேல் ஆண்ட்ராய்டு 8 முதல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வைஃபையிலிருந்து மொபைலுக்குத் தாமதமின்றி மாறுவதற்காக, வைஃபை இருக்கும்போதும் மொபைல் டேட்டா இணைப்பைத் தயார் நிலையில் வைத்திருக்கும் ஓர் அமைப்பு இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். ‘டேப்லெட் பற்றி’ பக்கத்தில் பதிப்பு எண்ணை ஏழு முறை தொட்டால் டெவலப்பர் விருப்பங்கள் திறக்கும். அதற்குள் ‘மொபைல் டேட்டா எப்போதும் செயலில்’ என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். மாறும்போது சில நொடி தாமதமாகும், அவ்வளவுதான். அங்கே இருக்கும் மற்ற எதையும் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

அம்மாவின் டேப்லெட்டுக்கு இன்னும் நல்ல வழி, சிம் அமைப்பில் இருக்கும் ‘இந்த சிம்மைப் பயன்படுத்து’ என்பதை அணைத்து வைப்பது. பல ஆண்ட்ராய்டு கருவிகளில் இது உண்டு. சிம் உள்ளேயே இருக்கும், தொட்டால் விழித்துக்கொள்ளும். விமானப் பயன்முறையிலேயே வைஃபையை மட்டும் திரும்ப இயக்குவதும் கிட்டத்தட்ட அதே பலன் தரும். ஐபேடில் ஒருமுறை அப்படிச் செய்தால், அடுத்த முறை விமானப் பயன்முறை போடும்போது வைஃபையை அதுவே நிறுத்தாமல் விட்டுவிடும்.

#14 வேகவிரும்பி

நல்ல யோசனைதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த சிம் எண்ணுக்குத்தான் வருகிறது என்றால், சிம்மை அணைத்து வைத்த நேரத்தில் அது வராது. பெரியவர்கள் பயன்படுத்தும் கருவியில் எதை அணைத்திருக்கிறோம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். வாட்ஸ்அப் அழைப்புகள் வைஃபை வழியே வந்துகொண்டுதான் இருக்கும், அதில் மாற்றமில்லை.

#15 பேனாக்கத்தி

சிம்மே வேண்டாம், போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தால் முடிந்ததே? டேப்லெட்டின் மோடம் முழுக்க ஓய்வெடுக்கும்.

#16 படிவப்பிரியை

டேப்லெட்டின் சார்ஜ் மிச்சமாகும். போனின் சார்ஜ் காலியாகும். போனின் பேட்டரி பெரும்பாலும் 5,000 மில்லிஆம்பியர்-மணி, டேப்லெட்டுடையது 7,000. சிறியதிலிருந்து எடுத்துப் பெரியதை மிச்சப்படுத்துவதில் என்ன லாபம்? போதாததற்கு அந்தப் போனும் அதே பள்ளத்தில், அதே -117இல்தான் தவித்துக்கொண்டிருக்கும். போனைச் சன்னலோரத்தில் சார்ஜில் போட்டுவிட்டு, உள்ளறையில் டேப்லெட்டை வைத்து வேலை செய்யும்போது மட்டும் ஹாட்ஸ்பாட் உண்மையிலேயே பயன்படுகிறது. வடபழனி நண்பரின் தரைத்தள வீட்டில் வைஃபை நின்றுபோனால் அப்படிச் செய்யலாம்.

#17 மேல்படுக்கை

4ஜியில் மட்டும் பூட்டுவது பற்றி யாரும் பேசவில்லையே? *#*#4636#*#* என்று அழுத்தினால் வரும் சோதனைப் பக்கத்தில் ‘எல்டிஇ மட்டும்’ என்ற தேர்வு இருக்கிறதாம்.

#18 அலைக்கற்றை

அழைப்புச் செயலி உள்ள ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பலவற்றில் அந்தப் பக்கம் திறக்கும். சில நிறுவனங்கள் அதை மூடி வைத்திருக்கின்றன. 2ஜியும் 3ஜியும் இல்லாத நிறுவனத்தின் சிம் என்றால், கிடைக்காத ஒன்றைத் தேடுவதை அது மிச்சப்படுத்தும், உண்மைதான். ஆனால் 4ஜி வழியே குரல் அழைப்பு இயங்காத கருவியில் இப்படிப் பூட்டினால் அழைப்பு வராது, போகவும் போகாது. பல கருவிகளில் அணைத்துப் போட்டவுடன் பழைய நிலைக்கே திரும்பியும் விடும். சாதாரண அமைப்பில் ‘விரும்பும் நெட்வொர்க் வகை’ என்ற இடத்தில் 4ஜியைத் தேர்ந்தெடுத்து, 2ஜியை அணைக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிட்டால் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும். 2ஜியில் மட்டுமே அழைப்பு கிடைக்கும் ஊர்களுக்குப் போகிறவர்கள் அதை அணைக்க வேண்டாம், ஆபத்து நேரத்தில் அதுதான் கைகொடுக்கும்.

#19 கொல்லிச்சாரல்

எல்லோருக்கும் நன்றி. எங்கள் குழுவில் இப்போது நடைமுறை இதுதான். காலையில் மேட்டில் ஜிபிஎஸ் புள்ளி எடுத்துவிட்டு விமானப் பயன்முறை, படிவம் தானாக அனுப்புவது நிறுத்தம், மாலையில் மேட்டுக்கு வந்து மொத்தமாக அனுப்புவது, மறுபடி விமானப் பயன்முறை. ‘மொபைல் டேட்டா எப்போதும் செயலில்’ என்பதையும் எல்லாக் கருவிகளிலும் அணைத்துவிட்டோம். மேற்பார்வையாளரும் ஜிபிஎஸ்ஸைத் தாமே சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு கேள்வி மிச்சம். குழுவில் சிலர் மாலையில் அனுப்பிய பிறகு விமானப் பயன்முறையைத் திரும்பப் போட மறந்துவிடுகிறார்கள். குறித்த நேரத்தில் தானாகவே அது இயங்கும்படி ஏதாவது செயலி உண்டா?

#20 தூரிகைவால்

ஐபேட் என்றால் ‘ஷார்ட்கட்ஸ்’ செயலியில் இரவு எட்டு மணிக்கு விமானப் பயன்முறை என்று ஒருமுறை எழுதி வைத்தால் போதும். ஆண்ட்ராய்டில் 2012இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து சாதாரணச் செயலிகள் விமானப் பயன்முறையைத் தொட முடியாது, ஆகையால் கடையிலிருந்து இறக்கும் செயலிகளை நம்ப வேண்டாம். கருவியைச் செய்த நிறுவனமே உள்ளே வைத்துத் தரும் ‘வழக்கங்கள்’ வகை அமைப்பு உங்கள் டேப்லெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் நேரம் குறித்து விமானப் பயன்முறையை இயக்கும் வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் அதே நேரத்துக்கு அலாரம் வைத்து, அதன் பெயராகவே ‘விமானப் பயன்முறை’ என்று எழுதி வைத்துவிடுங்கள்.